வெள்ளையைத் தாயாக வைத்த பிறகு: அந்திமந்தாரையில் 1:2:1

71-வது செடி 2024 அக்டோபர் 19, சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தேகால் மணிக்குப் பூத்தது. வெள்ளை. நோட்டில் கடைசிக் கோட்டைப் போட்டுவிட்டுக் கூட்டினேன். ராணி கலர் 15, ரோஸ் 35, வெள்ளை 21. மொட்டைமாடியில் நின்றபடியே மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன்.

பதினோரு வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்குத் தாவரவியல் எடுக்கிறேன். சிவப்பையும் வெள்ளையையும் கலந்தால் முதல் தலைமுறை முழுக்க ரோஸ், அந்த ரோஸைத் தன்மகரந்தச் சேர்க்கைக்கு, அதாவது தன் மகரந்தத்தாலேயே விதை பிடிக்க விட்டால், அடுத்த தலைமுறையில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு ரோஸ், ஒரு பங்கு வெள்ளை, 1:2:1 என்று வருடா வருடம் கரும்பலகையில் கட்டம் போடுவேன். 2022-இல் ஒரு மாணவி, “மிஸ், நீங்க இத நேர்ல பாத்திருக்கீங்களா?” என்று கேட்டாள். பார்த்ததில்லை. மதுரையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அந்திமந்தாரை யாரும் தண்ணீர் விடாமலே புதராக வளர்ந்து கிடக்கிறது. அம்மா அதை அந்திமல்லி என்பார். தினமும் பார்க்கிற செடியில் நான் சொல்லிக்கொடுக்கிற விஷயம் நடக்கிறதா என்று பார்க்காமலே இத்தனை வருடம் போயிருக்கிறது. அன்று சாயங்காலமே ஆரம்பித்தேன். முடிய இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது, அதில் முதல் ஆறு மாதம் முழுக்கத் தப்பாகப் போனது.

முதல் முயற்சி, 2022 செப்டம்பர். பாடத்தில் வரும் சிவப்புக்குப் பதிலாக, கொல்லையில் இருந்த ராணி கலர் செடியைத் தாயாக வைத்துக்கொண்டேன். தெருமுனை வீட்டில் வெள்ளை இருந்தது, அங்கிருந்து மகரந்தம். பள்ளி விட்டு வீடு வர ஐந்து மணி ஆகும். வந்ததும் அப்போதுதான் விரிந்த பூக்களில் மகரந்தத்தாள்களைப் பிடுங்கிவிட்டு, வெள்ளைப் பூவின் மகரந்தத்தைத் தடவினேன். சாக்பீஸ் தூளைத் தட்டுவது போல எளிதாகத்தான் இருந்தது.

முதல் எட்டுப் பூக்களும் இரண்டே நாளில் உதிர்ந்தன. காரணம் பிறகுதான் பிடிபட்டது. இந்தப் பூவில் மகரந்தத்தாள்களின் காம்புகள் அடியில் ஒன்றாகச் சேர்ந்து, விதை உருவாகிற சூற்பையை ஒட்டியே நிற்கின்றன. இடுக்கியால் பிடித்து இழுத்தால் சூற்பையும் சேர்ந்து நைந்துவிடுகிறது. இழுக்கக் கூடாது. நகம் வெட்டும் சிறு கத்தரியால் மேலே இருக்கிற மகரந்தப்பைகளை மட்டும் நறுக்கி எடுக்க வேண்டும், காம்பு அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். இது தெரிந்த பிறகு விதை பிடிக்க ஆரம்பித்தது. ஒரு பூவுக்கு ஒரே ஒரு விதைதான் இந்தச் செடியில். வெண்டை மாதிரி ஒரு காய் பிடித்தால் நாற்பது ஐம்பது விதை என்ற கொடுப்பினை கிடையாது.

2023 தையில் விதைத்தேன், பங்குனியில் பூத்தது. 19 செடி. அத்தனையும் ரோஸாக இருந்திருக்க வேண்டும். 11 ராணி கலர், 5 ரோஸ், 3 செடியில் வெள்ளையில் ராணிக் கோடு தெறித்தது போன்ற பூ. அந்த வாரம் முழுக்க மனசு சரியில்லை.

இரண்டு தப்பு நடந்திருந்தது. முதலாவது நேரம். சாயங்காலம் பூ விரியும்போதே மகரந்தப்பை வெடித்துவிடுகிறது. நான் ஐந்து மணிக்கு நறுக்கியபோது அதன் சொந்த மகரந்தம், மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூல்முடியில் ஏற்கெனவே விழுந்திருக்கிறது. 11 ராணி கலரும் தாய் தனக்குத்தானே பெற்ற பிள்ளைகள். இரண்டாவது, பெற்றோரில் ஒன்று சுத்தமான வழி இல்லை. கோடு போட்ட பூ அதைத்தான் காட்டியது. பட்டாணியில் கலப்பைத் தொடங்குவதற்கு முன்பு, மரபியலுக்கு அடித்தளம் போட்ட மெண்டல் 34 ரகங்களை இரண்டு வருடம் விதைத்துப் பார்த்து, மாறாமல் வருகிறதா என்று சோதித்துக்கொண்டார். இதை வகுப்பில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறேன். அந்த இரண்டு வருடம் எதற்கு என்பது 19 செடி வளர்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சரி, மறுபடியும் முதலிலிருந்து. 2023 ஏப்ரலில் மூன்று வெள்ளைச் செடி, இரண்டு ராணி கலர் செடி தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் மொட்டுகளுக்குக் கொசுவலைப் பை கட்டினேன். அந்திமந்தாரை பூ மூடும்போது மகரந்தத்தாளும் சூல்தண்டும் ஒன்றாகச் சுருண்டுகொள்ளும், தன்மகரந்தச் சேர்க்கை அதுவாகவே நடந்துவிடும். அந்துப்பூச்சியை மட்டும் வெளியே நிறுத்தினால் போதும். விதை பழுத்துக் கறுத்ததும் காம்பை விட்டு உதிர்ந்துவிடும், அதனால் பையைக் கடைசிவரை அவிழ்க்கக் கூடாது. நான் ஒரு செடியில் அவிழ்த்துவிட்டேன். அந்த விதைகள் மண்ணில் விழுந்து, எது எதுவென்று தெரியாமல் முளைத்து, முழுவதையும் பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று.

செடிக்கு 12 விதை வீதம் ஆனி மாதம் ஊன்றினேன். வெள்ளையில் இரண்டு வழிகளில் கோடு தெறித்த பூ வந்தது, அவை போயின. மூன்றாவது வழியில் முளைத்த பத்தும் தும்பை வெள்ளை. ராணி கலரில் இரண்டுமே சுத்தமாக வந்தன.

அடையாளச் சீட்டு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். தயிர் டப்பாவை நறுக்கி மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தேன். மதுரை வெயிலில் ஏழே வாரத்தில் எழுத்து மறைந்துவிட்டது. அதே டப்பாத் துண்டைச் சொரசொரப்பாகத் தேய்த்துவிட்டுச் சாதாரண பென்சிலில் எழுதினேன், ஒரு வருடம் ஆகியும் படிக்க முடிகிறது. கூடவே நிற நூல் ஒன்றையும் கட்டினேன். கலப்புச் செய்த பூவுக்குச் சிவப்பு, தன்மகரந்தத்துக்குப் பச்சை.

இனி உண்மையான கலப்பு, 2023 செப்டம்பர். இந்த முறை வெள்ளையைத் தாயாக வைத்தேன். இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாயில் நாம் தவறவிட்டு அதன் சொந்த மகரந்தமே விழுந்திருந்தால் பிள்ளை வெள்ளையாக வரும், ரோஸுக்கு நடுவில் பளிச்சென்று தெரியும், எடுத்துவிடலாம். ராணி கலர் தாயிலும் தப்பு தெரியும்தான், ஆனால் இளம் பூவில் அழுத்தமான ரோஸையும் ராணியையும் பிரிப்பதில் கண் தடுமாறும். வெள்ளையில் தடுமாற இடமே இல்லை.

நேரம் பகல் ஒன்றரையிலிருந்து இரண்டரைக்குள். அன்று சாயங்காலம் விரியப்போகிற மொட்டு நீண்டு, நுனி உப்பி, நிறம் முழுக்க ஏறி நிற்கும். நாளைய மொட்டு பச்சை கலந்து சின்னதாக இருக்கும். இரண்டு நாள் பார்த்தால் கண்ணுக்குப் பழகிவிடும். தையல் ஊசியால் குழாயை நீளவாக்கில் கீறி விரித்தால் உள்ளே ஐந்து மகரந்தத்தாள்களும் நடுவில் சூல்தண்டும் கடிகாரச் சுருள்வில் மாதிரிச் சுருண்டு கிடக்கும். ஊசி முனையால் அவற்றை மெதுவாக நிமிர்த்தி, மகரந்தப்பைகளை ஒவ்வொன்றாக எண்ணி நறுக்க வேண்டும். நான்கோடு நிறுத்திவிட்டால் ஐந்தாவது காரியத்தைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு பூவுக்கும் கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டேன். அடியில் பச்சைக் கிண்ணம் போலத் தெரிவது பூவடிச்செதில், அதில் கத்தி படக் கூடாது. நிறமாக விரிவதே இந்தச் செடியில் பூவின் வெளி வட்டமான புல்லிதான், உள் வட்டமான அல்லி கிடையாது. அந்த நிறமும் ரோஜாவில் இருக்கிற வகை இல்லை, பீட்ரூட்டில் இருக்கிற பீட்டாலெயின் என்ற நிறமி.

நறுக்கியதும் பை. சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு, காலையிலிருந்தே பையில் காத்து வைத்த ராணி கலர் பூவைப் பறித்து வந்து சூல்முடியில் ஒற்றி, திரும்பப் பையைக் கட்டி, நூல் கட்டி, நோட்டில் எழுத வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் பகல் இரண்டு மணிக்கு நான் வகுப்பில் இருப்பேன். சனி ஞாயிறு மட்டும் கிடைத்தது. முதல் இரண்டு வாரத்தில் நான் செய்தது 28 பூ, விதை பிடித்தது 8. மூன்றாவது வாரம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “பூவுக்கு நோகாம எடுக்கணும், அவ்வளவுதான? இங்க குடு, நீ இஸ்கூலுக்குப் போ” என்றார். ஐம்பது வருடம் பூக் கட்டிய கை. மல்லிகை மொட்டின் காம்பு உடையாமல் நாரில் முடிந்து முடிந்து பழகிய அந்த விரல்களுக்கு லென்ஸே தேவைப்படவில்லை. அம்மா செய்த 18 பூவில் 13 விதை. என்னுடையதோடு சேர்த்து மொத்தம் 21. அம்மாவே ஆசைப்பட்டு, திருப்பி, ராணி கலரைத் தாயாக வைத்து 6 பூவில் செய்தார், 4 விதை கிடைத்தது.

இந்த இடத்தில் இன்னொன்றும் செய்து பார்த்தேன். 1870-இல் மெண்டல், நேகெலி என்ற தாவரவியலாளருக்கு எழுதிய கடிதத்தில் இதே அந்திமந்தாரை வருகிறது. கருவுறுதலுக்கு ஒரு மகரந்தத்தூள் போதாது என்று டார்வின் கருதியிருந்தார். மெண்டல் ஒவ்வொரு சூல்முடியிலும் ஒரே ஒரு தூளை வைத்து, 18 நல்ல விதைகள் எடுத்தார். இந்தச் செடியை அவர் தேர்ந்ததற்குக் காரணம் கையில் பார்த்தால் புரிந்துவிடும். மகரந்தத்தூள் அவ்வளவு பெரிது. கறுப்பு அட்டையில் தட்டினால் சன்ன ரவை மாதிரி தனித்தனியாகக் கண்ணுக்கே தெரிகிறது. ஊசி முனையை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஒரே ஒரு தூளை ஒற்றி எடுத்து, பத்து மடங்கு லென்ஸ் வழியாகப் பார்த்துக்கொண்டே வெள்ளைப் பூவின் சூல்முடியில் வைத்தேன். பத்துப் பூவில் வைத்தேன். மூன்றில் விதை வந்தது. கை நடுங்கியதில் இரண்டு தூள் விழுந்ததோ என்ற சந்தேகம் இருந்த பூக்களை இந்தப் பத்தில் சேர்க்கவில்லை.

விதை ஊன்றுவதற்கு முன்பு ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்தேன், தோல் கெட்டி. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காய்ந்த விதை அப்படியே மிளகு போல இருக்கும், ஆனால் விஷம். கிழங்கும் அப்படித்தான். ஊறவைத்த கிண்ணத்தைச் சமையலறையில் வைக்காதீர்கள், குழந்தைகள் கையில் கொடுத்தால் பக்கத்திலேயே இருங்கள்.

2024 தையில் விதைத்த 21-இல் 17 முளைத்தன. மார்ச் இரண்டாவது வாரம் முதல் பூ. ரோஸ். அடுத்தது ரோஸ். அம்மாவின் 4 விதையும் ரோஸ், தாய் எந்தப் பக்கம் இருந்தாலும் அதே நிறம். 17-இல் 16 ரோஸ், ஒன்று மட்டும் வெள்ளை. நான் முதல் வாரம் செய்த பூவின் விதை அது, நோட்டில் இருந்தது. பிடுங்கிவிட்டேன். மீதி 16-ம் ஒரே அச்சு. ராணியில் பால் ஊற்றியது போன்ற நிறம், செடிக்குச் செடி துளியும் மாறாமல்.

அந்த 16-இல் நல்ல நான்கு செடியைச் சுற்றி மூங்கில் நட்டு, முழுக்கக் கொசுவலை போர்த்தினேன். தனித்தனிப் பை கட்டுவதைவிட இது எவ்வளவோ நிம்மதி. தரையில் பழைய வேட்டியை விரித்து, உதிர்ந்ததை வாரத்துக்கு ஒரு முறை பொறுக்கினேன். மே கடைசிக்குள் 120-க்கு மேல் விதை.

ஆடியில் 98 குழி உள்ள தட்டு ஒன்றில் குழிக்கு ஒரு விதை. 84 முளைத்தன. தட்டில் தண்ணீர் தேங்க விட்டதால் 8 நாற்று அழுகின. 76-ஐ மாற்றி நட்டேன், 71 பூத்தன. பாதி செடி வளர்க்கும் பைகளில், மீதி பழைய எண்ணெய் கேன்களில். கேனில் வைத்தவை சீக்கிரம் வாடின, பூவும் தாமதம். அடுத்த முறை கேன் வேண்டாம்.

செப்டம்பர் மூன்றாம் வாரம் பூக்க ஆரம்பித்தது. முதல் வெள்ளை எப்போது வரும் என்றுதான் நான் காத்திருந்தேன். இந்தச் செடியின் தாய் ரோஸ், சுற்றி நிற்பதெல்லாம் ரோஸும் ராணியும். செப்டம்பர் 24-ஆம் தேதி சாயங்காலம், ஒன்பதாம் எண் பையில், முறுக்கிய குடை போல இருந்த மொட்டு நுனியில் லேசாகத் தளர்ந்தது. ஐந்து மடிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக அவிழ்ந்தன. ரோஸின் சாயல் எங்கேயாவது ஒட்டியிருக்கிறதா என்று லென்ஸை வைத்துக் குழாயின் அடிவரை பார்த்தேன். இல்லை. பாட்டியின் அதே தும்பை வெள்ளை. ஒரு தலைமுறை முழுக்க ராணியோடு கலந்து ரோஸாக இருந்துவிட்டு, ஒரு சொட்டுக்கூடக் கரையாமல் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, “அட, அவ பாட்டி மாதிரியே வந்துட்டாளே” என்றார்.

முதல் 20 செடி பூத்தபோது கணக்கு வயிற்றைக் கலக்கியது. வெள்ளை 9, ரோஸ் 7, ராணி 4. எங்கோ தப்பு என்று நினைத்து, வலையில் ஓட்டை தேடினேன். 71 முடிந்தபோதுதான் 15, 35, 21 என்று வந்து நின்றது. சரியாகப் பிரித்தால் 17.75, 35.5, 17.75 வர வேண்டும். எண்ணிக்கை விலகுவது தற்செயலா என்று பார்க்கிற கை வர்க்கச் (chi-square) சோதனை போட்டால் 1.03, தாண்டக் கூடாத எல்லை 5.99, வித்தியாசம் தற்செயலுக்குள் அடங்குகிறது. மெண்டல் பட்டாணியில் பூ நிறத்துக்கு எண்ணியது 929 செடி, 705 ஊதாவும் 224 வெள்ளையும். அவருக்கு ஏன் அத்தனை செடி தேவைப்பட்டது என்பது அந்த முதல் 20-ஐப் பார்த்துக்கொண்டு நின்ற மாலைகளில் நன்றாகவே புரிந்தது.

எண்ணுவதிலும் ஒரு முறை வேண்டும். காலையில் வாடிய ராணி, ரோஸ் போலத் தெரியும். எல்இடி பல்பு வெளிச்சத்தில் ரோஸ் வெளுத்துத் தெரியும், போன் கேமராவை நம்பவே முடியாது. ஆறு மணி வெளிச்சத்தில், பெற்றோர் பூ இரண்டையும் முதல் தலைமுறைப் பூ ஒன்றையும் உள்ளங்கையில் வைத்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தே எழுதினேன். சந்தேகம் வந்த மூன்று செடியை மறுநாளும் பார்த்தேன், மூன்றும் ரோஸ். ஒரு ரோஸ் செடியில் ஒரே ஒரு கிளையில் மட்டும் ராணிக் கோடு விழுந்தது. எண்ணிக்கையில் ரோஸ் என்று சேர்த்துவிட்டு, அதன் விதையைத் தனி டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறேன்.

செலவு: லென்ஸ் 180, இடுக்கி 70, கொசுவலைத் துணி 240, குழித்தட்டு இரண்டு 50, தென்னை நார்க்கழிவு 160, பைகள் 40-க்கு 480, மூங்கில் 280. மொத்தம் 1,460 ரூபாய். இடுக்கியை நான் பெரும்பாலும் பயன்படுத்தவே இல்லை. தையல் ஊசியும் நகக்கத்தரியும் வீட்டிலேயே இருந்தன, வேலை நடந்தது அவற்றால்தான். திரும்பச் செய்தால் முதலில் பெற்றோரைச் சோதித்துவிட்டு, விடுமுறை வாரத்தில் கலப்பை வைத்துக்கொள்வேன், எல்லாவற்றையும் பையிலேயே நடுவேன், 71-க்குப் பதில் 150 செடிக்கு இடம் பார்ப்பேன்.

இந்த வருடம் தையில் மூன்றாம் தலைமுறையும் போட்டாயிற்று. வெள்ளையின் விதையில் 11 பூத்தன, 11-ம் வெள்ளை. ராணியின் விதையில் 10-ம் ராணி. ரோஸின் விதையில் 18 செடி: 5 ராணி, 9 ரோஸ், 4 வெள்ளை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நாலு நாலு பேராகச் சாயங்காலம் வீட்டுக்கு அழைத்து அவர்களையே எண்ணச் சொன்னேன். 2022-இல் கேட்ட மாணவி இப்போது கல்லூரியில் படிக்கிறாள், அவளும் ஒரு நாள் வந்து எண்ணினாள்.

அடுத்தது இலை. 1909-இல் ஜெர்மன் தாவரவியலாளர் கார்ல் கோரன்ஸ் இதே செடியில், இலையில் பச்சையும் வெள்ளையும் கலந்த வகையை எடுத்துக்கொண்டு கலந்து பார்த்தார். பச்சைக் கிளையின் பூவில் வந்த விதை பச்சைச் செடியாகவும், வெள்ளைக் கிளையின் விதை வெள்ளை நாற்றாகவும் வந்தது. மகரந்தம் எந்தக் கிளையிலிருந்து வந்தாலும் ஒன்றும் மாறவில்லை, இலை நிறம் தாய்வழியாக மட்டுமே போயிற்று. பூ நிறத்தில் அம்மா தாயைத் திருப்பி வைத்தும் அதே ரோஸ் வந்தது அல்லவா, இலையில் அப்படி நடக்காது. எனக்கு அதையும் இந்த மாடியில் பார்க்க வேண்டும். வெள்ளை, பச்சை, இரண்டும் கலந்தது என்று மூன்று வகைக் கிளையும் ஒரே செடியில் வருகிற அந்திமந்தாரை உங்கள் வீட்டுப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள். விதை போதாது, கிழங்கில் ஒரு துண்டு வேண்டும். ஆடிக்கு முன்னால் கிடைத்தால் இந்த வருடமே நட்டுவிடுவேன்.